ரிசல்ட்டுக்கு முந்தைய காலமும் அதைப் பயனுள்ளதாகக் கழிக்கும் முறைகளும்

பிளஸ் டூ பொதுத்தேர்வின் கடைசி விடைத்தாளை அறைக் கண்காணிப்பாளரிடம் ஒப்படைக்கும் நொடிக்கும், பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் தட்டிவிட்டுச் செல்பேசித் திரையை வெறிக்கும் நொடிக்கும் இடைப்பட்டது ரிசல்ட்டுக்கு முந்தைய காலம். தமிழ்நாட்டில் முதல் பிளஸ் டூ தேர்வு நடந்த 1980 முதல் இது ஆண்டுதோறும் வந்துபோகிறது. ஆய்வுலகம்தான் இதைக் கண்டுகொள்ளவில்லை.

இதன் அளவு நிலையானதன்று. 2023இல் தேர்வு ஏப்ரல் 3 அன்று முடிந்தது, முடிவு மே 8 அன்று வந்தது; 35 நாள். 2024இல் மார்ச் 22 முதல் மே 6 வரை 45 நாள். 2025இல் மார்ச் 25 முதல் மே 8 வரை 44 நாள். நாட்டு வைத்தியர் மருந்து சாப்பிடச் சொல்லும் ஒரு மண்டலத்துக்குச் சற்றுக் குறைவு என்று கொள்ளலாம். 2020 ஒரு விதிவிலக்கு. அவ்வாண்டு மார்ச் 24 அன்று தேர்வு முடிந்த கையோடு ஊரடங்கு வந்தது. முடிவு ஜூலை 16 அன்றுதான் வெளியானது. நான்கு மாதத்துக்குச் சற்றுக் குறைவான அந்தக் காத்திருப்பில், வெளியே போய்க் காலத்தை வீணாக்க வழியே இல்லாமல் போனதால், வீட்டுக்குள்ளேயே வீணாக்கும் கலை பெரிதும் வளர்ந்தது. 2021 அதனினும் விசித்திரம். தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன் மதிப்பெண்களையும் பிளஸ் டூ செய்முறை, அக மதிப்பெண்களையும் 50, 20, 30 என்ற விழுக்காட்டில் கலந்து ஜூலை 19 அன்று முடிவு வெளியிட்டார்கள். எழுதாத தேர்வின் முடிவுக்காகக் காத்திருப்பது காத்திருப்பில் சேருமா என்ற கேள்விக்குத் தத்துவத் துறையினர்தான் விடை சொல்ல வேண்டும்.

ஐந்திணையுள் இக்காலத்தை எதில் அடக்குவது என்பதிலும் சிக்கல் உண்டு. முடிவு வரும்வரை பொறுத்து இருத்தலே இதன் உரிப்பொருள் என்பதால் முல்லை எனலாம். ஆனால் முல்லைக்குக் கார்காலமும் மாலைப்பொழுதும் வேண்டும். இங்கோ காலம் வேனில். மே 4 பிறந்தால் அக்னி நட்சத்திரமும் தொடங்கிவிடும். மாணவர் கண் விழிப்பதோ நண்பகலை ஒட்டி. வேனிலும் நண்பகலும் பாலைக்கு உரியவை. ரிசல்ட் தேதி அறிவிக்கப்பட்ட அன்று முதல் நெய்தலின் இரங்கலும் வந்து சேர்ந்துகொள்கிறது. ஆகவே இதைத் திணைமயக்கம் என்று கொள்வதே முறை. இலக்கணத்தில் அதற்கு இடமுண்டு. நிலம் மொட்டை மாடி. கருப்பொருள்களுள் பறவை காகம், உணவு மாம்பழம், தொழில் கடைக்குப் போய் வருதல்.

இத்தனை நாள் ஏன் ஆகிறது என்று கேட்பவர்களுக்கு விடை எளிது. விடைத்தாள்கள் மையங்களுக்குப் போய்ச் சேர்ந்து, ஏப்ரலில் ஆசிரியர்கள் உட்கார்ந்து திருத்தி, கூட்டல் சரிபார்த்து, மதிப்பெண்கள் கணினியில் ஏற வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் எட்டு லட்சத்தை ஒட்டிய மாணவர்கள், ஆளுக்கு ஆறு பாடம். இந்த வேலை நடக்கும்போது, "இந்த வருஷம் கெமிஸ்ட்ரி பேப்பரை ரொம்ப ஸ்ட்ரிக்ட்டாத் திருத்துறாங்களாம்" என்று ஒரு செய்தி எல்லா ஊரிலும் உலவும். ஆண்டுதோறும் அதே செய்தி, அதே பாடம்.

இனி மையப் பொருளுக்கு வரலாம். இக்காலத்து மாணவரின் தனித்தன்மை, அவருக்கு எண் இல்லை என்பது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் காலாவதியாகிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பிறக்கவில்லை. ஆகவே அவரைத் திட்டவும் முடியாது, மெச்சவும் முடியாது. குடும்பத்தில் ஒருவரைத் திட்டவும் மெச்சவும் முடியாவிட்டால் மீதமிருப்பது வேலை வாங்குவது ஒன்றுதான். "காலத்தைப் பயனுள்ளதாகக் கழி" என்று எல்லோரும் சொல்கிறார்கள்; பயன் யாருக்கு என்று ஒருவரும் சொல்வதில்லை. இத்துறையின் நூல்களில் விடுபட்டிருக்கும் கேள்வி இதுவே.

பயன்படுத்தும் முறைகளுள் மூத்தது டைப்ரைட்டிங். இதன் முதன்மை உரையாசிரியர் தாய்மாமா. "சும்மாதானே இருக்கே, டைப் அடிச்சு ஒரு லோயர் முடிச்சு வெச்சுக்கோ மாப்ளே. குரூப் ஃபோர்ல டைப்பிஸ்ட் போஸ்ட் இருக்கு பாரு" என்பது அவரது சூத்திரம். சூத்திரத்தில் பெரிய பிழையில்லை, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணிக்குத் தட்டச்சுச் சான்றிதழ் வேண்டும். பிழை காலக்கணக்கில் இருக்கிறது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இத்தேர்வை நடத்துவது பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும். ஏப்ரலில் சேர்ந்தவர் ஆகஸ்ட் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். பல கல்லூரிகள் அதற்கு முன்பே திறந்துவிடும். இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் என்று வேகம் வகுத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் அந்த வேகத்தை எட்டுவதற்கு முன் இன்ஸ்டிடியூட்டை விட்டு விலகும் வேகத்தை எட்டிவிடுகிறார்கள்.

இன்ஸ்டிடியூட்டின் உள்ளே நடப்பதையும் பதிவு செய்ய வேண்டும். மாடிப்படி ஏறும்போதே மழை பெய்வது போன்ற சத்தம் கேட்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட்ச். முதல் நாள் இடது கையால் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், ஸ்பேஸ், வலது கையால் செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. இதையே தாள் நிறையும்வரை அடிக்க வேண்டும். ஏ என்ற எழுத்து சுண்டுவிரலின் பொறுப்பில் இருப்பதால் வரிக்கு வரி மங்கலாகவே விழும். அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஆள்காட்டி விரலால் அடிப்பவர்களும் உண்டு, மாஸ்டர் அதையும் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். 1955இல் இந்தியாவின் முதல் தட்டச்சுப் பொறியைச் செய்த கோத்ரெஜ், 2009இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அந்தப் பொறிகள் இன்னும் சிறு நகர மாடிகளில் ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் பாதி குரூப் 4, பாதி தாய்மாமா.

ஓட்டுநர் உரிமம் இரண்டாவது முறை. இதற்குத் தடையாக நிற்பது வயது. பதினெட்டு நிரம்பாமல் கியர் வண்டிக்கு உரிமம் இல்லை. பிளஸ் டூ முடித்தவருக்குப் பெரும்பாலும் பதினேழு. பதினெட்டு ஆனவர் மட்டும் தேர்வு முடிந்த வாரமே எல்.எல்.ஆர். போட்டு, முப்பது நாள் பொறுத்து, கால் தரையில் படாமல் எட்டு போட்டுக் காட்டினால் ரிசல்ட்டுக்கு முன் ஒரு தேர்விலாவது தேர்ச்சி பெற்றவராகிறார். ஹிந்தி பிராத்மிக், ஸ்போக்கன் இங்கிலீஷ், கோடை கம்ப்யூட்டர் கோர்ஸ் ஆகியவற்றுக்கும் இவ்வாறே ஆதரவாளர்கள் உண்டு. அவற்றின் பயன் சேர்க்கைக் கட்டணம் கட்டிய அன்று பெற்றோருக்குக் கிடைக்கும் நிம்மதி.

மூன்றாவது முறைக்கு மாணவரை யாரும் கேட்பதில்லை: வடகக் காவல். விடியுமுன் அரிசிமாவோ ஜவ்வரிசியோ பச்சைமிளகாய் விழுது, உப்பு, பெருங்காயம் சேர்த்துக் கூழாகக் கிண்டப்படுகிறது. வெயில் ஏறுவதற்குள் மாடியில் பழைய வேட்டியை விரித்து, நான்கு முனையிலும் செங்கல் வைத்து, கரண்டி கரண்டியாக ஊற்றிவிட வேண்டும். "நீ சும்மாதானே இருக்கே, ஒரு பார்வை பாத்துக்கோ" என்று பாட்டி இறங்கிப் போகிறார். ஒரு பார்வை என்பது மாலை வரை. ஆயுதம் கிழிந்த கறுப்புக் குடை. அதை விரித்து வேட்டியருகே வைத்தால் காகம் அஞ்சும் என்பது மரபு. காகம் முதல் நாள் அஞ்சும். இரண்டாம் நாள் குடையின் மேலேயே உட்காரும். மாணவர் தண்ணீர்த்தொட்டி நிழலில் படுத்துச் செல்பேசி பார்க்கிறார். பிற்பகல் மூன்று மணியளவில் வடகம் ஓரத்தில் காய்ந்தும் நடுவில் இளகியும் இருக்கும். அந்தப் பதத்தில் அதன் சுவைக்கு ஈடில்லை. காகத்தால் ஏற்படும் சேதத்தைவிடக் காவலரால் ஏற்படும் சேதம் கூடுதல் என்று இக்கட்டுரை துணிகிறது. பாட்டிகளுக்கு இது தெரியும். வேட்டியின் ஓரத்தில் ஒரு வரிசை கூடுதலாக ஊற்றுவது அதனால்தான்.

கணக்கிடுதல் நான்காவது. பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200க்கு: கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக 50, 50. நுழைவுத் தேர்வு 2007இல் ஒழிந்த பிறகு இந்தக் கூட்டல்தான் எல்லாம். தேர்வு முடிந்த மாணவரிடம் மூன்று கட்-ஆஃப்கள் இருக்கும். அப்பாவுக்கு ஒன்று, நண்பர்களுக்கு ஒன்று, இரவில் தூக்கம் வராதபோது தனக்கு ஒன்று. மூன்றும் ஒரே விடைத்தாளிலிருந்து பெறப்பட்டவை. வீட்டுப் பெரியவர்களுக்கு இதில் இன்னொரு இடர்ப்பாடு. 2019 முதல் பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 600; அவர்கள் நினைவில் இருப்பதோ 1200. "ஆயிரத்துக்கு மேல வருமா?" என்று கேட்கும் பெரியப்பாவிடம், "ஐந்நூறு வரும் பெரியப்பா" என்றால் அவர் முகம் வாடிவிடும். இரண்டால் பெருக்கிச் சொல்வதே மரியாதை. 2017 முதல் மாநில முதலிடம் போன்ற தரவரிசையை அறிவிப்பதும் நின்றுவிட்டதால், நாளிதழில் லட்டு ஊட்டும் படம் வருமோ என்ற கவலை மாணவருக்கு இப்போது இல்லை.

உறவினர் ஊருக்குப் போதல், கிணற்று நீச்சல், திருவிழா ஆகியவற்றுக்கு விளக்கம் தேவையில்லை. அவை பயனற்றவை என்று ஒருவரும் நிறுவியதில்லை. நீட் எழுதுவோர் இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறார்கள். மே முதல் ஞாயிறு வரை அவர்களுக்குக் காலம் என்ற ஒன்றே கிடையாது. 2023இல் மே 5 அன்று வரவேண்டிய பிளஸ் டூ முடிவையே, மே 7 அன்று நீட் இருந்ததால், அவர்கள் மனம் கலங்கக் கூடாதென்று மே 8க்குத் தள்ளிவைத்தார்கள்.

எஞ்சியிருக்கும் முறை ஒன்று. யாரும் பரிந்துரைக்காதது, ஆனால் மாணவருக்கே பயன் தருவது: சான்றிதழ் வாங்குதல். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, குடும்பத்தில் இதற்கு முன் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்று. இந்தக் கடைசிச் சான்று இருந்தால் கலந்தாய்வில் சேரும் தொழிற்படிப்புகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. இ-சேவை மையத்தில் ஒரு விண்ணப்பத்துக்கு 60 ரூபாய். அதன் பிறகு அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று படியேறும். ஏறும் வழியில்தான் தெரியவரும், ஆதாரில் அப்பா பெயர் ஒரு விதமாகவும் ரேஷன் கார்டில் இன்னொரு விதமாகவும் இருப்பது. இனிஷியல் ஒன்றில் முன்னால், மற்றதில் பின்னால். ஏப்ரலில் தெரிந்தால் திருத்த நேரமிருக்கும். ரிசல்ட் வந்த மறுநாள் போனால் ஊரிலுள்ள அத்தனை பேரும் அந்த மையத்தின் வாசலில் நிற்பார்கள்; "சர்வர் ஸ்லோவா இருக்கு, மத்தியானமா வாங்க" என்பார் உள்ளே இருப்பவர்.

விண்ணப்பத்தைக் கடைசி நாளில் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் ஒன்றைக் கருத வேண்டும். 2025இல் முடிவு மே 9 அன்று வரும் என்று சொல்லியிருந்தார்கள்; மே 8 அன்றே வெளியிட்டுவிட்டார்கள்.