ஏலத்துக்கு வந்த சூரியன்

கே: சூரியனில் கரும்புள்ளி கூடினால் இங்கே மழை குறையும் என்கிறார் என் மாமனார். நம்பலாமா? (சில்லமரத்துப்பட்டி மருமகன்)

ப: அவர் வீட்டில் சாப்பிடுகிற வரைக்கும் நம்புங்கள்.

கே: எது அதிகச் சூடு, சூரியனா, நம்ம ஊர் சால்னாவா?

ப: சால்னாதான். சூரியன் சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் இறங்கிவிடும்.

கே: ஏலக்காய் விலைக்கும் சூரியப் புள்ளிக்கும் சம்பந்தம் உண்டா? (வியாபாரி, போடி)

ப: வாங்கண்ணே! காயும் ஏலம், அது விலைபோகிற இடமும் ஏலம் என்று இருக்கிற ஊர்க்காரர் கேட்கவேண்டிய கேள்விதான். 'ஏலம் என்னாச்சு?' என்று ஒருவர் கேட்டால், செடியைக் கேட்கிறாரா விலையைக் கேட்கிறாரா என்று முகத்தைப் பார்த்துத்தானே நாம் பதில் சொல்கிறோம்?

உங்களுக்கு முன்பே இதைக் கேட்டவர் ஜெவோன்ஸ் என்கிற இங்கிலாந்துப் பொருளாதார மேதை. 1870களில் கணக்குப் போட்டார். சூரியனில் புள்ளி மாறினால் இந்தியாவில் வெள்ளாமை கெடும்; நம்மாள் மடியில் காசு இருக்காது; இங்கிலாந்துத் துணியை வாங்க ஆளில்லாமல் லண்டனில் வியாபாரம் படுத்துவிடும். ஒரே ஒரு இடைஞ்சல். புள்ளிகள் ஏறி இறங்க ஏறக்குறைய 11 ஆண்டு. அவருடைய வியாபாரச் சரிவோ பத்தரை ஆண்டுக்கு ஒருமுறை வந்தது. மனிதர் அசரவில்லை. சூரியனுக்கும் பத்தரைதான் என்று யாரோ சொன்ன கணக்கைத் தேடிப் பிடித்துக்கொண்டார். எசன்ஸ் ஊற்றிய டீயைக் குடித்துக்கொண்டு உலகை அளக்கிற நம்ம டீக்கடை விஞ்ஞானிகளுக்கு அவர்தான் மூத்த தாத்தா.

நாமும் ஒரு கணக்குப் போடுவோம். 2019இல் சூரியன் முகம் துடைத்து வைத்தது போல இருந்தது. அந்த டிசம்பரில் புள்ளிகள் அடிமட்டம். முந்தைய ஆண்டு வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் போனது போக, மழையும் தாமதமாக, ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு குவியல் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 2024இல் சூரியன் முகமெல்லாம் அம்மை போட்டதுபோல் புள்ளி. அந்தக் கோடையிலும் இடுக்கியில் செடி காய்ந்து கருகியது. புள்ளி இல்லாத ஆண்டும் அடி, நிறைந்த ஆண்டும் அடி!

இன்னொன்றும் பாருங்கள். ஏலச்செடி தலையில் பூப்பதில்லை. தூரிலிருந்து சரம் கிளம்பித் தரையோடு ஊர்ந்து பூக்கிறது. நிழல் தேடி வாழ்கிற அந்தச் செடியே சூரியனை நிமிர்ந்து பார்ப்பதில்லை. நீங்கள் ஏன் பார்க்கிறீர்கள்?

கே: பஞ்சாங்கம் மழையைச் சரியாகச் சொல்கிறதே?

ப: எந்த ஊருக்கு என்று சொல்லாததால்.

கே: எப்போதும் மஞ்சு மூடிக் கிடக்கும் கொடைக்கானலில் போய் ஏன் சூரிய ஆய்வகம் வைத்தார்கள்?

ப: தாது வருஷப் பஞ்சம் வைக்கச் சொன்னது. 1876 முதல் 78 வரை சனங்கள் லட்சக்கணக்கில் செத்த பிறகு, சூரியனைக் கவனித்தால் பருவமழையின் போக்கு பிடிபடும் என்று வெள்ளைக்காரன் நினைத்தான். 1899 ஏப்ரல் முதல் தேதி தொடங்கினார்கள். தேதியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். மழை பிடிபடவில்லை, ஆனால் புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை 1909இல் எவர்ஷெட் என்கிற சூரிய ஆய்வாளர் அங்கேதான் கண்டுபிடித்தார். இன்றைக்கும் அது அவர் பெயரில்தான் இருக்கிறது. போடியிலிருந்து காக்கா பறந்தால் முப்பது கிலோமீட்டர். நாம் போனால் போட்டிங் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம்.

கே: இருபத்தைந்து வருஷமாகப் போடிமெட்டுக்கு மேலே ஜீப்பில் காய் எடுக்கப் போகிறேன். அப்போதெல்லாம் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. இப்போது காலையிலேயே வியர்க்கிறது. சூரியன் சூடாகிவிட்டதா?

ப: இதற்குக் கிண்டல் வரவில்லை, அக்கா. சூரியன் சூடாகவில்லை. 1978இலிருந்து செயற்கைக்கோள் வைத்து அளக்கிறார்கள். புள்ளி கூடுகிற காலத்துக்கும் குறைகிற காலத்துக்கும் அது தருகிற சக்தியில் வித்தியாசம், ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ரூபாய். அதனால் பூமியில் ஏறி இறங்குவது பத்தில் ஒரு பங்கு டிகிரி. பூமியோ ஒன்றரை நூற்றாண்டில் ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது, இறங்கவே இல்லை. சூரியன்தான் காரணம் என்றால் மேல்வானமும் சூடாக வேண்டும். அங்கே குளிர்ந்துகொண்டு வருகிறது. நிலக்கரியும் டீசலும் எரித்து நாம் பூமிக்குக் கம்பளி போர்த்திவிட்டோம். கம்பளிக்கு உள்ளே இருப்பவருக்குத்தானே வியர்க்கும்? நீங்கள் போகிற தோட்டத்தில் அன்றைக்கு எத்தனை நிழல்மரம் நின்றது, இன்றைக்கு எத்தனை நிற்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதையும் ஒரு அட்டையில் எழுதி அனுப்புங்கள், அப்படியே போடுகிறேன்.

கே: கிரகணத்தன்று கறுப்புக் கண்ணாடி போட்டுச் சூரியனைப் பார்க்கலாமா?

ப: கூடாது. கூலிங் கிளாஸ் ஸ்டைலுக்குத்தான், கண்ணைக் காப்பாற்றாது.

வாசகர்களுக்கு: 'கேள்வியுடன் ஏலக்காய் அனுப்ப வேண்டாம்' என்று சென்ற வாரம் வந்தது அச்சுப்பிழை.