சர்க்கரைக்காரன் நடை

எனக்குச் சர்க்கரை என்ற செய்தி பரவியதும் தெருவில் ஒருவராவது அனுதாபப்படுவார் என்று நினைத்தேன். எல்லாரும் "வாங்க சார், வாங்க" என்று வரவேற்றார்கள். இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை என்று 2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. இவ்வளவு பெரிய சங்கத்துக்குச் சந்தா கிடையாது. கொஞ்சம் ரத்தம் கொடுத்தால் போதும், சேர்த்துக்கொள்வார்கள்.

டாக்டர் விதிமுறைகளைச் சொன்னார். வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை. தொடர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் லீவு போடக்கூடாது. வாரத்தில் இரண்டு நாளாவது எடை தூக்க வேண்டும். எது வேகநடை என்று கேட்டேன். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது என்றார். எனக்கு உட்கார்ந்திருந்தாலே பாட வராது. ஆகவே நான் எப்போதும் சரியான வேகத்தில்தான் இருக்கிறேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

மாநகராட்சிப் பூங்காவில் எட்டு வடிவத்தில் கூழாங்கல் பாதை போட்டிருக்கிறார்கள். (கால் மரத்துப்போன சர்க்கரைக்காரர்கள் அங்கே வெறுங்காலோடு போகவே கூடாது, குத்தினால் தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும்.) எங்கள் கோஷ்டி அந்த எட்டின் இடுப்பில் நின்று கூட்டணிக் கணக்குப் பேசும். மணிக்கட்டில் கடிகாரம் ஓடுகிறது, அதனால் நானும் ஓடுவதாகத்தான் அர்த்தம். வெளியே வந்தால் அருகம்புல் சாறு, வாழைத்தண்டு சூப். ஆரோக்கியம் அத்தோடு முடிந்து, அடுத்த கடையில் மெதுவடை ஆரம்பிக்கிறது. அரை மணி நேரம் வியர்த்து எரித்ததை இரண்டு வடை உட்கார்ந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடும். "காபியில் சர்க்கரை வேண்டாம்" என்று சத்தமாகச் சொல்வது மட்டும் தவறாது.

பத்தாயிரம் அடி என்கிறார்களே, அது வைத்தியர்கள் அளந்து சொன்ன கணக்கில்லை. 1965 வாக்கில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றுக்கு விற்பனைக்காக வைத்த பெயர். இதைப் படித்த அன்று வெற்றிக் களிப்போடு மனைவியிடம் வாசித்துக் காட்டினேன்.

"அப்படியா? சரி, எட்டாயிரம் நடங்க."

எடை தூக்குவதற்கு டம்பெல் வாங்கலாம் என்றேன். மறுநாள் இருபது லிட்டர் தண்ணீர் கேனோடு மாடி ஏற வந்த பையனை அவள் தடுத்து நிறுத்தினாள்: "தம்பி, கீழேயே வச்சிட்டுப் போப்பா. சாரை டாக்டர் வெயிட் தூக்கச் சொல்லியிருக்கார்." அவன் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இருந்தது.

ஆனால் உண்மையான வைத்தியம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் நடக்கிறது. சாப்பிட்டவுடன் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அந்த நேரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், வேலை செய்யும் தசைகள் இன்சுலினை எதிர்பார்க்காமலே அதை இழுத்துக்கொள்ளும். இந்த விஞ்ஞானமெல்லாம் என் மனைவிக்குத் தெரியுமா, தெரியாது. நான் கை கழுவி ஈஸிசேரை நோக்கித் திரும்பும்போது அவளுக்குப் பால் பாக்கெட் ஞாபகம் வரும். வாங்கி வந்தால் கொத்தமல்லி. அதுவும் வந்தால், "அய்யோ, தீப்பெட்டி சொல்ல மறந்துட்டேங்க." பகலெல்லாம் எதையும் மறக்காதவளுக்கு ராத்திரி எட்டரைக்கு மட்டும் மறதி.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி இறங்கியது. என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். பூங்கா நடை என்று மார்தட்டினேன். பக்கத்தில் இருந்தவள் கைப்பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

நடக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்சுலினும் சில மாத்திரைகளும் நடக்கும்போது சர்க்கரையை மிகவும் இறக்கிவிடலாம். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். சட்டைப்பையில் நாலு குளுக்கோஸ் மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் வீட்டில் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இருப்பது உத்தமம். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடைமுறை.