எட்டரை பெரிதா, அறுபத்தெட்டு பெரிதா?

கேள்வி: என் மகள் பொன்னேரி அரசு கல்லூரியில் 68 சதவீதம். அவளோடு பள்ளியில் படித்த பெண் சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் 8.5 சி.ஜி.பி.ஏ. (பத்துக்குக் கணக்கிடும் கிரேடுப் புள்ளிச் சராசரி). வேலைக்கு அந்தப் பெண்ணைத்தான் கூப்பிடுகிறார்கள். அவள்தான் கெட்டிக்காரியா?
– மீனவர் ஒருவர், கூனங்குப்பம், பழவேற்காடு

பதில்: இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு யார் பதில் சொன்னாலும் அது ஜோசியம்தான். உங்கள் ஏரியில் ‘பாடு’ எனும் மீன்பிடி இடத்தை ஏன் முறைவைத்து மாற்றிக்கொள்கிறீர்கள்? இறால் நிறைய விழும் இடமும் விழாத இடமும் ஒன்றல்ல என்று ஊருக்கே தெரியும். எடையை மட்டும் பார்த்து யார் திறமைசாலி என்று அங்கே தீர்ப்புச் சொல்வதில்லை. மதிப்பெண் விஷயத்தில் அந்த நியாயம் இன்னும் வரவில்லை. 7.5 சி.ஜி.பி.ஏ.வை அண்ணா பல்கலைக்கழகம் பத்தால் பெருக்கி 75 சதவீதம் என்கிறது. குஜராத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அரைப் புள்ளி கழித்துப் பெருக்குவதால் அங்கே அது 70. கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா பல்கலைக்கழகத்தில், 2018 பாடத்திட்டப்படி, 67.5. நம் ஊரில் 60 எடுத்தால் முதல் வகுப்பு. பிரிட்டனில் 70 வேண்டும்.

கேள்வி: எல்லோருக்கும் பத்துப் புள்ளி முறை என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2015லேயே சொல்லிவிட்டதே?
– கல்லூரி மாணவி, பொன்னேரி

பதில்: அளவுகோல் ஒன்றாகலாம், வினாத்தாள் எடுப்பவரும் திருத்துபவரும் ஒன்றாகவில்லையே. இங்கிலாந்தில் வகுப்புப் பிரிவு மாறவே இல்லை. ஆனால் 2010-11இல் சுமார் 16 சதவீதம் பேர் வாங்கிய முதல் வகுப்பை, பத்தே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வாங்கினார்கள். கல்லூரிகளே கறாராக இருக்கலாமே என்பீர்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் 2004இல் ‘ஏ’ கிரேடு 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது, 2014இல் கைவிட்டது. ஒரு கல்லூரி மட்டும் கறாரானால் அதன் பிள்ளைகளே வெளியே நஷ்டப்படுவார்கள் என்ற கவலை அங்கே கடைசிவரை தீரவில்லை. அப்படியானால் நாடு முழுக்க ஒரே பொதுத் தேர்வு வைக்கலாமா? மூன்று வருடப் படிப்பை மூன்று மணி நேரத்தில் அளந்தால், கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடிந்த வீடுதான் முன்னே நிற்கும். குப்பத்துப் பிள்ளைக்கு அது இன்னும் பெரிய அநியாயம்.

நான் கேட்பது ஒன்றுதான். மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே வகுப்பின் நிலவரத்தையும் அச்சிடுங்கள். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி 1994 முதல் பாடங்களுக்கு வகுப்பின் நடு கிரேடையும் மாணவர் எண்ணிக்கையையும் சான்றிதழில் சேர்த்தே தருகிறது. இதற்குப் புதுத் தேர்வு வேண்டாம், புதுக் கட்டணமும் வேண்டாம். கணக்கு கல்லூரி அலுவலகத்திலேயே இருக்கிறது. நம் பல்கலைக்கழகங்கள் அதைச் செய்யும்வரை, கூனங்குப்பத்துப் பெரியவரே, உங்கள் மகள் துறையில் எத்தனை பேரில் எத்தனையாவது என்று கல்லூரியில் எழுதி வாங்கி, விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.