பெட்ரோமாக்ஸும் 36 படங்களும்

இந்து ரோல் என்றால் உங்களில் சிலருக்காவது ஞாபகம் வரும். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த கறுப்பு வெள்ளை ரோல், 36 படம். கேமராவில் மாட்டும்போது முனையைச் சிக்கனமாகச் சுற்றினால் 37ஆவது ஒன்று தேறும், தீபாவளி இனாம் மாதிரி. அந்த ஒன்றை எதற்குச் செலவழிப்பது என்று பொழுது சாயும்வரை யோசித்துக்கொண்டே நடந்த சுகத்தை, மெமரி கார்டில் ஆயிரக்கணக்கில் இடம் கிடக்கும் இந்தக் காலத்தில் எங்கே போய்த் தேடுவது?

கையில் இருந்தது பென்டாக்ஸ் கே1000. வெளிச்சம் காட்டும் முள்ளுக்கு மட்டும்தான் அதற்கு பேட்டரி வேண்டும். பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் விழும். அப்படி முள் அசையாத நாட்களில்தான் வெயிலைப் படிக்கப் பழகினோம். 100 ரோலுக்கு ஷட்டரை 125இல் வைத்துக்கொள், நிழலின் ஓரம் வெட்டினாற்போல இருந்தால் அப்பர்ச்சர் 16, ஓரம் கலைந்திருந்தால் 11, நிழல் இருக்கிறதா என்றே சந்தேகமானால் 8, விழவே இல்லையென்றால் 5.6 என்று ஸ்டூடியோ அண்ணன்கள் சொல்லித்தந்த கணக்கு உடம்பில் ஊறிவிட்டது. இன்றைக்கும் தெருவில் இறங்கினால் கண் முதலில் தரையைத்தான் பார்க்கிறது.

மிச்சப் பாடம் டார்க் ரூமில். சிவப்பு பல்பின் கீழே டெவலப்பர் தட்டில் பேப்பரை மெல்ல ஆட்ட ஆட்ட, முதலில் தலைமுடி, பிறகு கண், மீசை, கடைசியில் வெள்ளைச் சட்டையின் மடிப்பு என்று ஆள் வந்து சேர்வார். ஹைப்போ வாடை விரலை விட்டுப் போக நாளாகும்.

செய்யாறு, வந்தவாசிப் பக்கம் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தைப் படமெடுப்பதுதான் அப்போதைய பெருங்கனவு. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் பதித்த கண்ணாடித் துண்டுகள் தீப்பொறியாகத் தெறிக்கும். ஃபிளாஷ் போட்டால் ஆடுபவர் கண் கூசும், அந்த மஞ்சள் மயக்கமும் செத்துவிடும். 400 ரோலை 1600 என்று பாவித்து எடுத்து, கூடுதல் நேரம் கழுவினாலும் முகமெல்லாம் மணல் தூவினாற்போலத்தான் வரும். இன்றைய மிரர்லெஸ் கேமராவில் 6400 வைத்து, சத்தமே இல்லாமல், அந்த இருட்டைத் துல்லியமாக எடுக்கலாம். ஆனால் பெட்ரோமாக்ஸ் போய்விட்டது. அதற்கேற்ற கேமரா வந்து சேர்ந்தபோது, களரி முழுக்க வெள்ளை வெளேரென்று எல்.இ.டி. வெளிச்சம்.

1950இல், அங்கிருந்து அதிக தூரமில்லாத திருவண்ணாமலையில், ரமணரின் கடைசி நாட்களை ஆன்ரி கார்த்தியே பிரெசோன் படமெடுத்தார். பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையே நம்பியவர் அவர். ஆர்வத்தோடு வரும் பிள்ளைகள் என்ன லென்ஸ் வாங்கலாம் என்று கேட்கும்போதெல்லாம் அவரைச் சொல்வேன். சொல்லிவிட்டு, பணமிருந்தால் நல்ல லென்ஸாகவே வாங்கு என்றும் சொல்வேன், ஏனென்றால் கூத்து இரவில் அது இல்லாமல் நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

போன முறை கூத்தில், நாங்கள் எல்லாரும் பெரிய லென்ஸுகளோடு முன்வரிசையில் இடம் பிடித்திருந்தோம். ஒரு பெண் மட்டும் கைபேசியோடு மத்தளக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வேஷக்காரர் திரைக்குப் பின்னால் வந்து நின்றதும் எடுத்துக் காட்டினாள்: அவர் புஜக்கட்டைக் கண்ணாடி ஒவ்வொன்றிலும் மத்தளம் அடிக்கும் கை. இத்தனை வருஷத்தில் நான் போய் நிற்காத இடம். அடுத்த பங்குனிக்கு அங்கேதான் என் பாய்.