கிளென் கூல்ட் ஆவது எப்படி?

உலகப் புகழ் பெற்ற பியானோ கலைஞராக வேண்டுமா? முதலில் குட்டை நாற்காலி ஒன்றைப் பிடியுங்கள். டொரொன்டோவில் 1932-இல் பிறந்த கிளென் கூல்டுக்கு அப்பாவே ஒரு மடக்கு நாற்காலியின் கால்களை வெட்டிக் கொடுத்தார். தரையிலிருந்து சுமார் 14 அங்குலம். உட்கார்ந்தால் முழங்கால் மேலே ஏறும், முகம் பியானோக் கட்டைகளை உரசும், பார்ப்பவருக்கு முதுகு வலிக்கும். மெத்தை கிழிந்து சட்டம் மட்டும் மிஞ்சினாலும் மாற்றக் கூடாது. கிரீச்சிடுகிறதா? இசைத்தட்டிலும் அது கேட்கட்டும்.

அடுத்து உடை. 1955 ஜூன் மாதம் கூல்ட் செய்ததுபோல, நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் ஓவர்கோட், மஃப்ளர், கையுறை சகிதம் நுழையுங்கள். கூடவே துண்டுகள், தண்ணீர் பாட்டில்கள், மாத்திரை டப்பாக்கள். கைகளை வெந்நீரில் இருபது நிமிடம் ஊற வைத்துவிட்டு, பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' வாசியுங்கள். வாசிக்கும்போது கூடவே முனகுங்கள். மைக்கில் விழுந்தால் அது ஒலிப்பதிவாளர் பாடு.

யாராவது அன்பாகத் தோளில் தட்டினால் வழக்குப் போடுங்கள். ஸ்டைன்வே பியானோ கம்பெனி ஊழியர் ஒருவர் தட்டியதில் காயம் என்று கூல்ட் 3 லட்சம் டாலர் கேட்டார். பத்தாயிரத்துக்கும் குறைவான தொகையில் சமரசம் ஆனது. அதன் பிறகும் பல வருடம் ஸ்டைன்வே பியானோவைத்தான் வாசித்தார்.

பிராம்ஸ் கான்செர்ட்டோவை இஷ்டத்துக்கு மெதுவாக வாசிக்கவும் தயங்காதீர்கள். 1962-இல் இசைக்குழு நடத்துநர் பெர்ன்ஸ்டைனே கச்சேரிக்கு முன் சபையைப் பார்த்து, இந்த வாசிப்பில் தனக்கு உடன்பாடில்லை என்று சொல்லிவிட்டுத்தான் கோலைத் தூக்கினார். இலவச விளம்பரம்!

புகழ் உச்சிக்குப் போனதும் மேடையை விட்டுவிடுங்கள். 1964 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸில் வாசித்ததோடு கூல்ட் நிறுத்திக்கொண்டார். வயது 31. கச்சேரிக்கு வருகிறவர்கள் எப்போது தப்பு விழும் என்று காத்திருக்கிறார்கள், ஒட்டி வெட்டிச் செம்மையாக்கிய ஒலிப்பதிவே மேல் என்பது அவர் கட்சி. பாதி சரி. மீதி, பயணமும் கூட்டமும் பிடிக்காதவர் சொல்லிக்கொண்ட சமாதானம் என்றே எனக்குப் படுகிறது.

இனி வருவது கட்டாயமில்லை, விரும்பினால் செய்யலாம். கூல்டைப் போல சிறுவயதில் அம்மாவிடமும், பிறகு ஆல்பெர்ட்டோ குரெரோ என்ற ஆசிரியரிடம் ஏறத்தாழ பத்து வருடமும் பாடம் கேளுங்கள். அவர் சொல்லித்தந்த ஒரு பயிற்சி: வலக்கையைக் கட்டைகள் மேல் தளர்வாக வைத்து, இடக்கையால் ஒவ்வொரு விரல் நுனியாகத் தட்ட வேண்டும். விரல் கட்டையை அமுக்கிவிட்டுத் தானாக மேலே வரவேண்டும். அடுத்த விரல், அதற்கடுத்தது என்று பாட்டின் எல்லா ஸ்வரங்களுக்கும். பிறகு மற்றக் கைக்கும் அதேபோல. அலுப்பாக இருக்கும். ஓவர்கோட் வாங்குவது சுலபம்.

1981-இல் கூல்ட் அதே நியூயார்க் கூடத்தில், அதே கோல்ட்பெர்க்கை மறுபடி பதிவு செய்தார். மறு வருடம், ஐம்பது நிரம்பிய சில நாட்களில் மறைந்தார். முதல் பதிவு 38 நிமிடம், இரண்டாவது 51. சில பகுதிகளைத் திருப்பி வாசித்ததும் அதற்கு ஒரு காரணம். ஆனால் 'ஏரியா' என்ற தொடக்கப் பகுதியை மட்டும் இரண்டிலும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முன்பு இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது, பின்பு மூன்றைத் தாண்டுகிறது.