சுமைகூலி முக்கால் பணம்

2019-இல் வந்த மேவிக் மினி டிரோனின் எடை 249 கிராம். வித்தையெல்லாம் அந்த ஒரு கிராம் குறைவில்தான். 250-ஐ எட்டாத வரை அமெரிக்காவில் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுபவர் அதைப் பதிவு செய்ய வேண்டாம். இந்தியாவின் 2021 விதிகளிலும் அது ‘நானோ’ என்னும் செல்லப்பிள்ளை. பொறியாளர்கள் கிராம் கிராமாக இழைத்த அந்தக் குருவி, காற்றில்லாத நாளில் 30 நிமிடம் பறக்கும்.

நம் ஆர்வலருக்கு அது போதவில்லை. ‘18650’ லித்தியம் செல் இரண்டை வாங்கி, ஒயரைப் பற்றவைத்து, ரப்பர் பேண்டால் அதன் முதுகில் கட்டுகிறார். பேட்டரி இரட்டிப்பு, ஆகவே ஒரு மணி நேரம் பறக்கும் என்பது அவர் கணக்கு. இயற்பியலின் கணக்கு வேறு. செல், கூடு, ஒயர் எல்லாம் சேர்ந்ததும் டிரோனின் எடை 350 கிராம். எடை 1.4 மடங்கானால், அந்தரத்தில் சும்மா நிற்கவே மின்சக்தி ஏறக்குறைய 1.65 மடங்கு வேண்டும். ஆக, பேட்டரி இரட்டித்தும் கூடுதலாகக் கிடைப்பது ஆறேழு நிமிடம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

இலவச இணைப்புகளும் உண்டு. எடை வரம்பைத் தாண்டியதால் பதிவுச் சடங்கு. பற்றவைப்பு பிசகினால் வானத்திலேயே தீபாவளி. முதுகில் ஏறிய விருந்தாளியை உள்ளிருக்கும் பேட்டரிச் சில்லுக்குத் தெரியாது; திரையில் ஓடும் சதவீதம் வெறும் ஜோசியம்.

ஐயா, இன்னொரு அசல் பேட்டரி வாங்கிப் பையில் வையுங்கள். இறக்கி மாற்றினால், முழுசாக இன்னொரு 30 நிமிடம்.