எல்லை சொல்லும் பெரியவர்

எல்லை சொல்லும் பெரியவர் என்பவர், காவிரிப் படுகைக் கிராமங்களில் பழைய ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வருகிறது என்ற செய்தி பரவிய மறுநாளே அந்த வீட்டுத் திண்ணையில் காணப்படுபவர். வயது அறுபத்தைந்துக்கு மேல். அவர் வீட்டுக்காரரும் அல்லர், தரகரும் அல்லர். பங்காளியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பட்டாவில் அவர் பெயர் இராது. பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தாகக்கூட இராது. ஆயினும் அந்த மனையின் நான்கு எல்லையும் தமக்கு மட்டுமே தெரியும் என்பது அவர் கொள்கை. ஊர் அதை மறுப்பதில்லை. மறுத்தவர் வீட்டின் எல்லையை அவர் அன்றைக்கே சொல்லத் தொடங்கிவிடுவார் என்பது ஊருக்குத் தெரியும்.

ஊருக்கு ஒருவராவது உண்டு. பெரிய ஊர்களில் இருவர் இருப்பர். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இராது.

இந்த வகையினர் தோன்றியதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1980 நவம்பர் வரை கிராமக் கணக்கு, பரம்பரையாக வந்த கர்ணத்திடம், அதாவது கணக்குப்பிள்ளையிடம், இருந்தது. எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. அதன்பின் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள், பதிவேடுகளைப் பெற்றுக்கொண்டார்கள், சில ஆண்டுகளில் இடம் மாறிப் போனார்கள். கணக்குப்பிள்ளையின் தலைக்குள் இருந்ததை மட்டும் யாரும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. அவருக்குக் குடை பிடித்தவர், வெற்றிலைப் பெட்டி தூக்கியவர், அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்து நின்ற பையன் ஆகியோரே அதற்கு வாரிசானார்கள். அந்தப் பையன்தான் இன்றைய பெரியவர்.

அவருடைய கருவிகள் மூன்று: கைத்தடி, சுட்டுவிரல், வலது கால். தடியால் திசையைக் காட்டுவார். விரலால் தூரத்தைக் காட்டுவார். காலால் மண்ணில் கோடு கிழித்து வழக்கை முடிப்பார். அரசு நில அளவையர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய குண்டர் சங்கிலிக்கு நீளம் 66 அடி, கண்ணி 100. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 435.6 சதுர அடி, ஒரு சென்ட். பெரியவரின் கால் இப்படி எந்த வாய்பாட்டுக்கும் கட்டுப்பட்டதன்று. விற்பவர் அவருக்கு வேண்டியவராயின் அடி சிறுத்து, மனை நீளும். வேண்டாதவராயின் அடி பெருக்கும்.

அளவைக்கு அசையாத புள்ளி ஒன்று வேண்டும் என்பதை அவர் ஏற்பார். 1802-இல் லாம்ப்டன் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்க, பரங்கிமலையருகே ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்தார். பெரியவரின் அடிக்கோடு கொல்லைப் புளியமரத்தில் தொடங்கி வாசல் பூவரசில் முடிகிறது. புளியமரம் 2018 கஜா புயலில் சாய்ந்தது. பூவரசை அதற்கு முன்பே வெட்டி, வண்டிக்கு ஏர்க்கால் செய்தாகிவிட்டது. மரங்கள் இல்லாதது அவரது துல்லியத்தைக் குறைப்பதில்லை. மறுக்க ஆதாரம் இல்லாமற் போனதால் அது கூடியிருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

வாங்க வருபவர் பெரும்பாலும் சென்னையிலிருந்து வருவார். ஓய்வு பெற்றவர்; முற்றம் வைத்த வீட்டில் மழை பார்க்க ஆசைப்படுபவர். வந்தவர் முதலில் தூணைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பார். அத்துடன் பாதி விலை பேசி முடிந்ததாக விற்பவர் கணக்கு. எஞ்சிய பாதியைக் கெடுக்கும் கேள்வி ஒன்று உண்டு.

“ஐயா, ஒரு தடவை சர்வேயரைக் கூப்பிட்டு அளந்து பார்த்துடலாமா?”

“அளக்கிறதுக்கு என்ன தம்பி இருக்கு? எங்க பாட்டன் காலத்து எல்லை. நான் சொல்றேன், நீங்க எழுதிக்குங்க.”

அளப்பது என்பது இந்த வகையினருக்கு அவமதிப்பு. அவர் சொல்லை நம்பாதது ஒன்று. ஊரை நம்பாதது இரண்டு. இறந்துபோன பாட்டனை நம்பாதது மூன்று. மூன்றையும் ஒரே மூச்சில் செய்த சென்னைக்காரர் பெரும்பாலும் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். பெறாதவர்களைப் பற்றியதே இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி.

அளக்காமல் முடியாததற்குக் காரணம் ஆவணங்களிலேயே இருக்கிறது. பழைய பத்திரம் ‘கிழமேல் ஜாதியடி 33, தென்வடல் ஜாதியடி 110’ என்று சொல்லும். பெருக்கினால் 3,630 சதுர அடி, அதாவது எட்டே கால் சென்ட்டுக்குச் சற்று மேல். அதற்கு முந்தைய பத்திரம் குழிக்கணக்கில் பேசும். தஞ்சைப் பகுதிக் குழி 144 சதுர அடி. வீடுகள் நிற்கும் கிராம நத்தத்துக்குப் பிற்காலத்தில் கொடுக்கப்பட்ட பட்டாவோ சதுர மீட்டரில் இருக்கும். அதில் 310 என்று இருந்தால் அது 3,337 சதுர அடி. ஆக, பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் நடுவில் 293 சதுர அடியைக் காணோம். 110 அடி நீளத்துக்கு, இரண்டே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் ஒரு பட்டை அது. இதைப் பெரியவரிடம் கேட்டால் யோசிக்காமல் பதில் வரும். “அது சந்து தம்பி. சந்து எப்படிக் கணக்குல வரும்?” அப்போது யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை.

சட்டமும் அவருக்குத் தெரியும், ஓரளவுக்கு. “பன்னிரண்டு வருசம் அனுபவிச்சா நம்மதுதான்” என்பார். 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தில் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு உண்மையிலேயே உண்டு. ஆனால் உரியவருக்கு எதிராக, வெளிப்படையாக, இடைவிடாமல் அனுபவித்ததை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும்; அரசு நிலமென்றால் முப்பது ஆண்டு. சட்டத்தின் இந்தப் பிற்பகுதி திண்ணைவரை வந்து சேர்ந்ததில்லை.

அளக்க விண்ணப்பிக்க வேண்டியவர் பட்டாதாரர், அதாவது விற்பவர். முன்பு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது இணையவழியிலும் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தலாம். பேச்சு வழக்கில் இதற்கு ‘எஃப் லைன் போடுவது’ என்று பெயர். அலுவலகத் தமிழில் ‘அத்துக் காட்டுதல்’. அண்டை மனைக்காரர்களுக்கு முன்னறிவிப்பு போகும். பெரியவருக்குப் போகாது, ஏனெனில் அவருக்கு அண்டையில் மனை இல்லை. குறித்த நாளில் முதலில் வந்து சேர்பவர் அவரே.

அளவு நாளில் அவர் சலவை வேட்டி கட்டியிருப்பார். சர்வேயர் வந்து இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, “கல்லு எங்க?”

“கல்லு இங்கதான் இருந்துச்சு.”

“இப்ப எங்க?”

தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஒன்று பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் கல்லாகியிருக்கும்; மற்றொன்றில் கன்றுக்குட்டி கட்டியிருக்கும். அரசு நட்ட எல்லைக் கல்லைப் பெயர்ப்பது தண்டனைக்குரிய குற்றம். ஆகையால் அது தானாகவே நடந்து போனதாக ஊர் ஒருமனதாகச் சாட்சி சொல்லும்.

அடுத்து நடப்பது பெரியவரைப் புண்படுத்துகிறது. சர்வேயர் வீட்டை விட்டு வெளியேறித் தெருவைக் கடந்து எங்கோ நடந்துபோய், பெயராமல் நிற்கும் இரண்டு கற்களைக் கண்டுபிடித்து, அங்கிருந்து டேப்பைப் பிடிக்கத் தொடங்குகிறார். நில அளவைப் புலப்படத்தில் உள்ள கோடுகளைத் தரையில் மறுபடி போட, உறுதியான இரண்டு புள்ளிகள் வேண்டும் என்பது காரணம். “வீடு இங்க இருக்கு, இவரு எங்கயோ போயி அளக்குறாரே” என்று பெரியவர் கூட்டத்திடம் முறையிடுவார். இதற்குள் கூட்டம் சேர்ந்திருக்கும். டேப்பின் மறுமுனையைப் பிடிக்கப் போட்டி நடக்கும். தொய்வில்லாமல் இழுத்துப் பிடிக்கத் தெரிந்தவர் கூட்டத்தில் பெரியவர் ஒருவரே என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

முடிவுகள் ஏறத்தாழ எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வருகின்றன. வாங்க வந்தவர் உட்கார்ந்து மயங்கிய திண்ணை, தெருப் புறம்போக்கில் இருக்கிறது. 1905-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டப்படி அரசு நினைத்தால் அதை எடுக்கலாம். கிழக்குச் சுவர் பக்கத்து மனைக்குள் ஒன்றரை அடி போயிருக்கிறது. கொல்லைக் கோடியில் கட்டிய கழிப்பறை வாய்க்கால் புறம்போக்கில் நிற்கிறது. மூன்று இடத்திலும் பெரியவரின் கோடு தவறு. அவர் தளர்வதில்லை.

“அந்தக் காலத்து அடி பெரிசு தம்பி. இந்த டேப்பு சீனாக்காரன் பண்ணது.”

சர்வேயர் அறிக்கை எழுதும்வரை இந்த வாதம் நீடிக்கும். பிறகு அது தேநீர்க் கடைக்கு மாற்றப்பட்டு அங்கே நிலுவையில் இருக்கும்.

இந்த வகைக்குள் உட்பிரிவுகள் உண்டு. சாட்சி வகையினர், எல்லை பேசி முடித்தபோது உடனிருந்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. சமாதான வகையினர், “அரையடிக்குப் போயி சண்டை போடலாமா?” என்பார்கள், அந்த அரையடி எப்போதும் வாங்குபவருடையதாகவே இருக்கும். கட்டட வகையினர் எல்லையோடு நிற்காமல் வீட்டுக்கும் நற்சான்று வழங்குவார்கள். கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்து என்று சுவரைத் தட்டிக் காட்டுவார்கள். சாந்து நல்லதாகவே இருக்கலாம். உத்திரத்தின் முனை சுவருக்குள் புகும் இடத்தில் கரையான் இருக்கிறதா, சுவரடியில் ஓதம் ஏறியிருக்கிறதா, ஓட்டுக்குக் கீழே சட்டங்கள் உளுத்திருக்கின்றனவா என்பதைத் தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குப் பழைய கட்டட வேலை தெரிந்த கொத்தனாரையும் தச்சரையும் தனியே அழைத்துக் காட்ட வேண்டும்.

இவ்வளவு சொன்னபின் பெரியவரால் பயனே இல்லை என்று முடித்தால் அது அநியாயம். பழைய பத்திரங்களின் சொத்து விவரத்தில் ‘இன்னார் வகையறா மனைக்கு மேற்கு, இன்னார் கொல்லைக்கு வடக்கு’ என்று நான்கு பெயர்கள் இருக்கும். அந்த இன்னார் எல்லோரும் காலமாகி, மனைகள் இரண்டு கை மாறியிருக்கும். பத்திரத்தில் எழுதிய பரப்பும் நான்கு எல்லையும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லையையே ஏற்கின்றன. ஆகவே அந்த இன்னார் யார், அவர் மனை இன்று யாரிடம் இருக்கிறது என்பது பணப்பெறுமானம் உள்ள கேள்வி. அதற்கு ஊரில் ஒருவரிடம்தான் பதில் இருக்கிறது.

காணாமற்போன 293 சதுர அடியும் அத்தகையது. மேற்குச் சுவரை ஒட்டிப் பின்வீட்டார் கொல்லைக்குப் போகும் சந்து அது. பத்திரம் எழுதியவர் அதையும் சேர்த்து அளந்துவிட்டார். பட்டா கொடுத்தவர்கள் விட்டுவிட்டார்கள். பத்திரத்தின் கடைசி வரியில் ‘மாமூல் வழிநடைப் பாத்தியம் உள்பட’ என்று ஒரு தொடர் இருக்கும். எந்த வழி, யாருடைய நடை என்று அது சொல்லாது. எந்த வீட்டுக் கூரைத் தண்ணீர் எந்த முற்றத்தில் விழ உரிமையுண்டு, கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, எந்தச் சுவர் பொதுச்சுவர் என்பவையும் புலப்படத்தில் இரா. பெரியவர் இவற்றையெல்லாம் முதல் நாளே சொல்லியிருப்பார். சீனா டேப்பைப் பற்றியும் சேர்த்துச் சொன்னதால் யாரும் பொருட்படுத்தவில்லை.

எனவே பழைய கிராம வீடு வாங்குவோர் கடைப்பிடிக்க வேண்டிய வரிசை இது. முதலில் வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் பார்க்க வேண்டும். பிறகு பட்டா, புலப்படம். பிறகு அண்டை வீட்டாரை வைத்துக்கொண்டு அளவு. முன்பணமும் ஒப்பந்தமும் அதற்குப் பிறகுதான்; விலை, அளந்து கண்ட பரப்புக்கே என்றும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். சர்வேயர் வருவதற்கு முந்தைய நாள் மாலை, பெரியவரோடு மனையை ஒருமுறை சுற்றி வர வேண்டும். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளவும் வேண்டும். கோடு எங்கே போகிறது என்பதை அவரிடம் கேட்கக் கூடாது. அந்தக் கோட்டை யார் யார் தாண்டிப் போகிறார்கள் என்பதை அவரைத் தவிர வேறு யாரிடமும் கேட்க முடியாது.